தவசிலிங்கம் கடைக் கற்கள்

எங்கள் மேலச்சாலைக்குடியில் கற்கள் வரிசையில் நின்று பருப்பும் சீனியும் வாங்கித் தின்ற அந்தக் காலத்தில், தவசிலிங்கம் மளிகைக் கடைக்கு நேர் எதிரே சைக்கிள் கடை போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே அந்தக் கற்களைப் பற்றி யார் வந்து உங்களிடம் என்ன கதை விட்டாலும், இந்த மாடக்கண்ணு அப்படிச் சொன்னானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கல் நகர்ந்தது, கல் தின்றது, கல் திரும்பிப் போனது. மழை பெய்கிறது, மாடு கன்று போடுகிறது, அதுமாதிரி அதுவும் ஒன்று என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அதற்கு ஊர்க்காரர்கள் கும்பிடு போட்டு, பழகிப்போய், பெருமையும் பட்டுக்கொண்ட லட்சணம் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் இன்னும் நெஞ்செரிச்சலாக வருகிறது.

முதலில் கப்பல் வந்தது, அதாவது கப்பல் பேச்சு வந்தது. எங்கோ ஒரு கடலில், எங்கள் ஊரில் ஒருவனும் பார்த்திராத ஒரு குறுகலான இடத்தில், ஒரு கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டு நிற்கிறதாம். அதனால் எண்ணெய் வரவில்லை, எண்ணெய் வராததால் லாரி வரவில்லை, லாரி வராததால் சாமான் வரவில்லை என்று எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் அருணாசலவடிவு. காலையில் என் கடை பெஞ்சில் பேப்பரை விரித்துக்கொண்டு, அந்தக் கப்பலின் தலை பிள்ளையார் கோயிலில் இருந்தால் வால் பஸ் ஸ்டாண்டில் இருக்கும் என்று கையை நீட்டி அளந்து காட்டுவார். ஊரே அதைத் தங்கள் மாமன் வீட்டுக் கப்பல் போலப் பேசியது. பாமாயில் ஏறியது, கப்பல் என்றார்கள். சீனி ஏறியது, கப்பல். கோதுமை மாவு வைத்திருந்த அலமாரித் தட்டில் பூனை படுத்திருந்தது, அதற்கும் கப்பல். சரி, போகட்டும் என்று விட்டேன். பிறகு புளி ஏறியது. தவசிலிங்கம் கடைக்குப் புளி எங்கிருந்து வருகிறது என்று ஊருக்கே தெரியும்; அவன் மச்சினன் தோப்பில் மரத்தை உலுக்கி, சாக்கில் கட்டி, மாட்டு வண்டியில் போட்டு வருகிறது. அந்த மாடு எந்தக் கடலைத் தாண்டி வந்தது என்று கேட்க ஒரு வாய் திறக்கவில்லை. அடுத்தது கறிவேப்பிலை. அது அவன் கடைக்குப் பின்னால், கை கழுவும் தண்ணீரில் வளர்ந்து நின்ற செடி. சாமான் வாங்கினால் கொசுறாக ஒரு கொத்து ஒடித்துப் பையில் போடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அதையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு விலை வைத்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "கப்பல் நிக்குல்லா அண்ணாச்சி, நீங்க என்ன செய்வீய," என்று வாங்க வந்தவர்களே அவனுக்குச் சமாதானம் சொன்னார்கள்.

நான் கேட்டிருப்பேன். ஆனால் எனக்கும் தவசிலிங்கத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என் மகள் செண்பகத்தின் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போடத் தேங்காய் அவனிடம்தான் எடுத்தேன். அவனே ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் குலுக்கி, "தங்கம்ணே, அத்தனையும் தங்கம்," என்று சொல்லிச் சாக்கில் போட்டான். கல்யாணத்துக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போய் உடைத்தால் பாதிக்குமேல் அழுகல். கல்யாண வீட்டுத் தேங்காய் அழுகினால் எங்கள் பக்கத்தில் என்னென்ன பேசுவார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சம்பந்தியம்மாள் அதை இன்றுவரை, சாப்பாட்டுக்கு நடுவில், சிரித்துக்கொண்டே பேசுகிறாள். நியாயம் கேட்கப் போன என்னிடம், "தேங்காய்க்குள்ள எட்டிப் பாக்க எனக்கென்ன எக்ஸ்ரே கண்ணாண்ணே," என்றான் தவசிலிங்கம். அன்றோடு சரி. அவன் ஷட்டரைத் தூக்கும்போது நான் பஸ் ஸ்டாண்டைப் பார்ப்பேன். நான் கடை திறக்கும்போது அவன் சாமி படத்தைப் பார்ப்பான். சாமான் எல்லாம் கீழத்தெருவில் இருந்த ஒரு சின்னக் கடையில் வாங்கினோம். கப்பல் பேச்சு கிளம்பிய கொஞ்ச நாளில் அந்தக் கடைக்குச் சரக்குப் போடுகிறவன் வராமல், அது சாத்திக்கொண்டது. பிறகு ஊரில் சரக்கு இருந்த ஒரே இடம் தவசிலிங்கம் கடை. ஊருக்கு வராத லாரி இவனுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டால், "அவிய ராசி அப்படி," என்றார்கள். சரக்கைப் பின்கட்டில் பூட்டி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதற்கு எங்கள் ஊரில் ராசி என்று பெயர்.

அந்த நேரத்தில்தான் செண்பகம் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் பிள்ளை பிறந்தது. பிறந்த கையோடு தாய்க்குக் காய்ச்சல் வந்து, பால் வற்றிவிட்டது. பசும்பால் கொடுத்தால் பிள்ளை குடித்த வேகத்தில் கக்கியது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு பால்மாவு டப்பாவின் பெயரைச் சொல்லி, அதைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் என்னிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று கண்டித்து அனுப்பினாள். மருந்துக் கடையில் கொஞ்ச நாள் கிடைத்தது. அப்புறம் அங்கேயும் அதே கப்பல் வந்து நின்றது. கடைசியில் அந்தப் பால்மாவு இருந்த இடம், கேட்கவே வேண்டாம், தவசிலிங்கம் கடை; அதுவும் லாரி வருகிற அன்றைக்கு ஒன்றோ இரண்டோ டப்பா. எங்கள் வீட்டு டப்பாவில் கரண்டி அடியைத் தொடும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

இனி கற்கள்.

எங்கள் ஊரில் வரிசை என்றால் மனிதன் நிற்பதில்லை. ரேஷன் கடையானாலும் தண்ணீர் லாரியானாலும் ஒரு கல்லைத் தூக்கி வைத்து, "இது நான், பாத்துக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பு வேலையைப் பார்ப்பார்கள். சாமான் வந்ததும் ஓடிவந்து கல்லை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் நின்றுகொள்வார்கள். தவசிலிங்கம் கடைக்கும் அப்படியே வைத்தார்கள். சாக்கடை கட்டுவதற்கென்று யாரோ கான்ட்ராக்டர் இறக்கிப் போட்டு, சிமெண்டு வராமல் கிடந்த கருங்கல் குவியல் பக்கத்திலேயே இருந்தது வசதியாகப் போயிற்று. கடை வாசலில் தொடங்கிய கல் வரிசை என் கடையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பிள்ளையார் கோயில் வரை போனது. ஆனால் கருங்கல்லுக்கு முகம் ஏது, மூக்கு ஏது? எது யார் கல் என்று தினமும் சண்டை. ஒருத்தி கல்லை இன்னொருத்தி பேசிக்கொண்டே காலால் நெம்பிப் பின்னுக்குத் தள்ளிவிடுவாள். இட்லிக் கடை முப்புடாதியின் கல் இப்படி அடிக்கடி பின்னுக்குப் போனது. அவள் வாய்க்கு ஊரே பயப்படும், ஆனால் கல்லுக்கு வாய் இல்லையே. ஆகவே முப்புடாதி தன் கல்லைக் கழுவி, மஞ்சள் அரைத்துப் பூசி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள்.

"இப்ப மிதிங்கட்டீ பாப்போம்," என்றாள்.

யார் மிதிப்பார்கள்? மஞ்சளும் குங்குமமும் வைத்த கல்லைக் காலால் தொட எங்கள் ஊரில் குடிகாரனுக்குக்கூடத் தைரியம் வராது. மறுநாள் காலையில் எல்லாக் கல்லும் மஞ்சளாக இருந்தது. அதற்கு மறுநாள் ஒருத்தன் தன் கல்லுக்குச் சிவப்புத் துண்டு சுற்றினான். அதைப் பார்த்து ஒருத்தி தன் கல்லுக்குப் பட்டு ஜாக்கெட் துணி கட்டினாள். லாரி சீக்கிரம் வரட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவதி தன் கல்லுக்கு முன்னால் ஒரு கட்டி சூடத்தையும் கொளுத்திவிட்டாள். அன்றைக்கு லாரி வந்தது. தவசிலிங்கம் ஷட்டரைத் தூக்கினான். வரிசையில் முதலில் இருந்த கல் ஓர் அடி முன்னால் நகர்ந்தது, அதன் பின்னால் அடுத்தது நகர்ந்தது, அதன் பின்னால் அடுத்தது, இப்படி என் கடையைச் சுற்றிக்கொண்டு கோயில் வாசல் வரைக்கும் ஒவ்வொன்றாக நகர்ந்து, ஒன்றை ஒன்று இடிக்காமல், இடைவெளி விட்டு, மரியாதையாக நின்றன. அப்படி ஓர் ஒழுங்கை அந்தத் தெருவில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

தவசிலிங்கம் யோசிக்கிற ஆள். செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். ஒரு முறத்தில் துவரம்பருப்பைக் கொட்டி, முதல் கல்லுக்கு முன்னால் இரண்டு கையாலும் வைத்தான். அது முப்புடாதியின் கல். அவள் கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணைத் திறப்பதற்குள் முறம் காலி. கல் லேசாக வேர்த்திருந்தது.

"என் பருப்பு எங்க அண்ணாச்சி?" என்றாள் முப்புடாதி.

"ஆத்தாளுக்குப் படைச்சதைத் திருப்பிக் கேக்கலாமா தாயி?"

முப்புடாதி காலி முறத்தைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். ஊரையே ஏசுகிற அந்த வாய் என்ன கேட்டது தெரியுமா?

"நல்லாச் சாப்பிட்டாளா?"

"ஒரு பருப்பு மிச்சம் வைக்கலியே," என்றான் தவசிலிங்கம்.

அவ்வளவுதான், அவள் முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் எத்தனை கற்கள் தின்றனவோ, அத்தனை வீட்டிலும் அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்தது, அத்தனை பேரும் தெருவில் நின்று தங்கள் கல்லின் பசியைப் பற்றிப் பெருமை பேசினார்கள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. லாரி வரும், கற்கள் நகரும், தவசிலிங்கம் படைப்பான், தின்ற கல் மெல்லச் சுற்றிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நிற்கும், மனிதன் மாதிரி 'எனக்கு ஆயிற்று' என்று வீட்டுக்குப் போகாது. விலை எழுதிப் போடுகிற சிலேட்டுப் பலகையைத் தவசிலிங்கம் துடைத்து உள்ளே வைத்துவிட்டான். சாமிக்கு முன்னால் விலை எழுதி வைப்பது அபசாரமாம். கல் தின்றதற்கெல்லாம் மாசக் கடைசியில் வீடு வீடாக ஆள் அனுப்பி வசூல் செய்தான். அதற்கும் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. கோயில் கொடை விழாவுக்கு வரி போட்டால் எங்கள் ஊரில் யாரும் ஏன் இவ்வளவு என்று கேட்பதில்லை. கேட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். தவசிலிங்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பேரம் பேசாத, நேற்று இந்த விலை இல்லையே என்று கேட்காத, பருப்பில் கல் கிடக்கிறது என்று திருப்பிக் கொண்டுவராத ஒரு வரிசை.

வயிற்றுக்கு என்ன செய்தார்கள் என்றால், தீர்த்தம் பிடித்தார்கள். காலையில் கல்லுக்குத் தண்ணீர் விட்டுக் கழுவி, வழிகிற தண்ணீரைச் செம்பில் ஏந்திக்கொண்டு போய்க் கொதிக்க வைத்துச் சோற்றில் ஊற்றினார்கள். பருப்புத் தின்ற கல்லின் தண்ணீரில் பருப்பு வாசம் இருக்கிறது என்றார்கள். மிளகாய்த்தூள் தின்ற கல்லுக்குப் பக்கத்தில் போனால் தும்மல் வந்தது உண்மைதான். சீனி தின்ற கல்லைச் சுற்றி எறும்பு. ஒரு வீட்டுக்காரி அந்த எறும்புகளையும் விரட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட, "உங்க கல்லு என்ன சாப்பிடுது?" என்று விசாரித்தார்கள், எண்ணெய் தின்று மினுமினுக்கிற கல் இருந்த வீட்டுக்கு மவுசு கூடியது. பிள்ளைகளின் கன்னம் ஒட்டிப்போனது. கற்கள் பெருத்தன, பார்த்தாலே தெரிந்தது.

போஸ்ட்மாஸ்டர் இதற்கும் பேப்பரை விரித்தார்.

"இதுல மனுசத் தலையீடே இல்லை பாத்துக்கிடும்," என்றார் என்னிடம். "தள்ளுமுள்ளு இல்ல, சிபாரிசு இல்ல. வெளிநாட்டுல இப்படித்தான் வச்சிருக்கான்."

"வெளிநாட்டுல கல்லா பருப்புத் திங்குது?"

"நீரு மூணாங்கிளாஸ். உமக்குச் சொன்னா விளங்காது வே."

"சரி, உம்ம கல்லு என்ன திங்குது?"

"காப்பித்தூள்," என்றார், குரலில் ஒரு நிமிர்வோடு. அவர் வீட்டில் காப்பி போட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அதனால்தான் என் கடைக்குப் பக்கத்து டீக்காரன் முதல் டீ போடுகிற நேரமாகப் பார்த்துப் பேப்பர் படிக்க வருவார்.

நான் கல் வைக்கவில்லை. அவன் கடை வரிசையில் என் பேரில் ஒரு கூழாங்கல்கூட இருக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். என் மனைவி உலகம்மாள் இதை முதல் நாளிலிருந்தே ஒத்துக்கொள்ளவில்லை.

"ஊரெல்லாம் வச்சிருக்கு. நாம மட்டும் என்ன வானத்துல இருந்து குதிச்சவியளா?" என்றாள்.

"அவன் கொடுத்த தேங்காயை மறந்திட்டியா?"

"தேங்காய் அழுவினது அழுவிட்டு. இங்க பிள்ளை அழுவுது, அதுக்கு என்ன சொல்லுதீய?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போய் மருந்துக் கடை மருந்துக் கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் ஒரே தலையாட்டல். பொழுது சாய வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, வீட்டு வாசலில் உலகம்மாள் ஒரு செம்பை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. பிறகு சொன்னாள். நான் சொன்னதைக் கேட்காமல் அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கல்லை மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வரிசையின் கடைசியில் வைத்திருக்கிறாள். நம் முறை இன்னும் வரவில்லை. ஆனால் முன்னால் நின்ற வேறொரு வீட்டுக் கல் அன்றைக்கு ஒரு டப்பா பால்மாவைத் தின்றிருக்கிறது, தகரத்தை மட்டும் விட்டுவிட்டு. அந்தக் கல்லுக்குத் தண்ணீர் விட்டு இவள் தீர்த்தம் பிடித்து வந்திருக்கிறாள்.

"வெள்ளையாத்தான் இருக்கு, பாருங்க," என்றாள். 

அது கல் கழுவின தண்ணீரின் வெள்ளை. எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. செண்பகம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, அதைக் காய்ச்சி, ஆற்றி, சங்கில் ஊற்றிப் பிள்ளையின் வாயில் வைத்தாள். பிள்ளை நாக்கால் தொட்டுப் பார்த்தது, முகத்தைச் சுளித்தது, துப்பிவிட்டது. அந்த ஊரில் விவரம் தெரிந்த ஆள் அது ஒன்றுதான். பிறகு அழ ஆரம்பித்தது; அழுகை பெரிதாக இல்லை, அழச் சத்து இல்லாத அழுகை, பூனைக்குட்டிச் சத்தம். செண்பகம் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒங்க ரோசத்தைக் கரைச்சுக் குடுத்தா குடிக்குமாப்பா?"

மறுநாள் காலையில் லாரி வந்த சத்தம் கேட்டதும் நான் தெருவைக் கடந்து போய் வரிசையில் நின்றேன். என் மனைவி வைத்த கல்தான் அன்றைக்குக் கடைசியாக இருந்தது. அதற்குப் பின்னால் நான். அத்தனை நீளமான வரிசையில் இரண்டு காலோடு நின்றவன் நான் ஒருவன்தான். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது.

"யோவ் மாடக்கண்ணு, சாமிகளுக்குச் சமமா நிக்கீரே, அறிவிருக்கா?" என்றான் ஒருத்தன்.

"செருப்பையாவது கழத்தும்," என்றாள் முப்புடாதி.

"நான் சாமான் வாங்க வந்திருக்கேன் தாயி. கோயிலுக்கு வரல."

"ஒரு கல்லை வச்சிட்டுக் கம்முனு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே. மத்தவங்க போகல? நீரு என்ன பெரிய இவரா?"

"கல்லு வச்சா கல்லு திங்கும். என் பேத்தி என்ன திங்கும்?"

 பதில் இல்லாதபோது எங்கள் ஊரில் செய்வதைத்தான் அவளும் செய்தாள், காறித் துப்பிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் நின்றுகொண்டேதான் இருந்தாள். கற்கள் ஓர் அடி நகர்ந்தன, நானும் ஓர் அடி நகர்ந்தேன். தின்று முடித்த கற்கள் சுற்றிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் நின்றன. ஒன்றும் என்னை இடிக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. அதுவரை ஊரில் யாரும் எனக்குத் தராத மரியாதை. வெயில் ஏறியது. கடைப் படிக்கு வந்துவிட்டேன். உள்ளே அலமாரித் தட்டில் எட்டிப் பார்த்தேன். அந்தப் பால்மாவு ஒரே ஒரு டப்பா இருந்தது. எனக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு கல், என் வீட்டுக் கல்.

தவசிலிங்கம் என்னைப் பார்த்தான். பார்க்காத மாதிரி திரும்பி, டப்பாவை எடுத்து, முறத்தில் வைத்து, என் மனைவியின் கல்லுக்கு முன்னால் கொண்டுவந்தான். அவனுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் பிள்ளை எதற்கு அழுகிறது என்று தெரியும். தெரிந்துதான் அவ்வளவு பணிவாகக் குனிந்தான். முறம் தரையைத் தொடுவதற்கு முன்னால் நான் வாயைத் திறந்தேன்.

"என்ன விலை?"

அவன் அப்படியே குனிந்த வாக்கில் நின்றான்.

"யாரு, மாடக்கண்ணண்ணனா?" என்றான். "பேச வந்துட்டோ?"

"விலையைச் சொல்லும் வே."

"சாமி முன்னால என்னத்துக்குண்ணே விலையும் மண்ணும். மாசக் கடைசியில பாத்துக்கிடலாம்."

"எனக்கு மாசக் கடைசி கிடையாது. நான் கல்லும் இல்ல. என்ன விலைன்னு சத்தமாச் சொல்லும்."

 தவசிலிங்கம் என்னை முறைத்துக்கொண்டே விலையைச் சொன்னான். அந்தக் காசுக்கு முன்பெல்லாம் ஒரு சைக்கிளுக்கு முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டும் டயரோடு மாற்றிவிடலாம்.

முறத்தை நோக்கிச் சற்றே சாய்ந்திருந்த என் வீட்டுக் கல் நிமிர்ந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் அசையாமல் இருந்தது. பிறகு அந்தக் குங்குமப் பொட்டு மெல்லக் கடைப் பக்கத்திலிருந்து தெருப் பக்கம் திரும்பியது. கல் என் கால் ஓரமாக உரசிக்கொண்டு, என் வேட்டியில் மஞ்சள் பட, படி இறங்கி, தெருவைக் கடந்து, சாக்கடைக் கருங்கல் குவியலுக்குப் போய் மற்றக் கற்களோடு கல்லாகப் படுத்துவிட்டது.

"எங்க போவுது?" என்று யாரோ கேட்டார்கள்.

எனக்கு வாய் திறந்துவிட்டது, இனி மூடாது. எனக்குப் பின்னால் நின்ற பருப்புக் கல்லுக்காகக் கேட்டேன்: "துவரம்பருப்பு என்ன விலை?" தவசிலிங்கம் சொல்ல மாட்டேன் என்று வாயை இறுக்கினான், ஆனால் கூட்டத்தில் ஒரு குரல், "ஆமா அண்ணாச்சி, என்ன விலை போடுதீய?" என்று கேட்டுவிட்டது, சொல்ல வேண்டியதாயிற்று. பருப்புக் கல் போய்விட்டது. சீனி என்ன விலை என்றேன். எறும்புகள் பின்னால் கோடு போட்டு ஓடிவர, சீனிக் கல் போய்விட்டது. காப்பித்தூள் கல் போனபோது போஸ்ட்மாஸ்டர் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் குனிந்தபடி போய், "நில்லு, நில்லு, உலக நிலவரம் அப்படி," என்று அதற்கு விளக்கம் சொல்லிப் பார்த்தார். மச்சினன் தோப்புப் புளி என்ன விலை என்று கேட்டேன். அந்தக் கல் எல்லாக் கற்களையும் முந்திக்கொண்டு உருண்டது. விலை என்று ஒன்று இருப்பதே அதுவரை அவற்றுக்குத் தெரியாது. தெரிந்தவுடன் எழுந்து போய்விட்டன. பேரம் பேசவில்லை, கப்பலைப் பற்றி விசாரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பிள்ளையார் கோயில் வரைக்கும் தெரு காலியாகக் கிடந்தது, அங்கங்கே சிவப்புத் துண்டும் ஜாக்கெட் துணியும்.

"உம்ம வாயில கொள்ளியை வைக்க," என்றாள் முப்புடாதி என்னைப் பார்த்து. "குலசாமி மாதிரி நின்னுது. கோவிச்சுட்டுப் போக வச்சிட்டீரே."

"கேட்டிருக்கலாம், ஆனா சத்தமாக் கேட்டிருக்கக் கூடாது," என்றார் திரும்பி வந்த போஸ்ட்மாஸ்டர், மூச்சு வாங்க.

தவசிலிங்கம் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டான். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டான். முறத்தில் இருந்த டப்பாவைக் காட்டி, "சாமியெல்லாம் போயிட்டு. எடுத்துக்கிடும். விலை அதேதான்," என்றான்.

கல்லுக்கு என்ன, அது போய்விடும். அதற்கு வீட்டில் பிள்ளை அழவில்லை. நான் பெல்ட்டுப் பையை அவிழ்த்து, கடையில் இருந்ததும் வீட்டில் இருந்ததும் செண்பகம் கொடுத்து அனுப்பியதும் எல்லாவற்றையும் அந்தப் படியில் எடுத்து வைத்தேன். அவன் எச்சில் தொட்டு எண்ணினான். தேங்காய்க் கல்யாணத்துக்குப் பிறகு அவன் கையும் என் கையும் பட்டது அன்றைக்குத்தான். வீட்டுக்குப் போய் முதலில் கையைக் கழுவினேன். பிள்ளை குடித்தது. சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு, வாயோரம் வழிய அப்படியே தூங்கிப்போனது. உலகம்மாள் எனக்குச் சோறு போட்டாள்.

ஒரு டப்பா எத்தனை நாளைக்கு வரும்? மறுநாள் காலையில் நான் கடையைத் திறந்து போட்டுவிட்டு எதிரே பார்த்தால், ஊரே தவசிலிங்கம் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஒரு கல் இல்லை, எல்லாம் மனிதர்கள், கையில் பை, காலில் செருப்பு, ஒருத்தர் முதுகில் ஒருத்தர் முட்டிக்கொண்டு. நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் குவியலில் இருந்து கற்களைப் புரட்டி எடுத்து, கழுவி, புது மஞ்சள் பூசி, வரிசையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் அசையவில்லை. ஆகவே அவர்களே வந்துவிட்டார்கள். நானும் போய் முப்புடாதிக்குப் பின்னால் நின்றேன்.

"வந்துட்டீரா," என்றாள் அவள், திரும்பாமலே. "நேத்து விலை நேத்தோட போச்சாம். இன்னைக்கு என்னன்னு கேட்டுச் சொல்லும். உமக்குத்தான் வெக்கமில்லாம கேக்க வருது."

முன்னால் நின்றவர்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அவர்கள் தலைக்கு மேலாக எட்டி, தவசிலிங்கத்தின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி விலையைக் கேட்டேன்.

அவன் சொன்னான். நேற்றைக்கு மேலே ஏறியிருந்தது. பருப்பு, சீனி, புளி, பால்மாவு என்று ஒவ்வொன்றாக, இன்றைக்குக் கூச்சமில்லாமல், உரக்கச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, யாராவது போகிறார்களா என்று வரிசையின் கடைசி வரை ஒருமுறை பார்த்தான்.

ஒருத்தரும் போகவில்லை.